பழைய ஜீப்பில் டிரெய்லர் இழுப்பது: டெல்டாவிலிருந்து சில குறிப்புகள்

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் ஜீப் வைத்திருப்பவரைப் பார்த்தால், அது எவ்வளவு பாரம் இழுக்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இழுத்துக்கொண்டு போகும் பாரத்தை அது எப்படி நிறுத்தும் என்று கேட்டவர் அரிது. என்னிடம் இருப்பது 1990-களில் வந்த மகிந்திரா எம்.எம். 540. பியூஜோ உரிமத்தில் தயாரான 2112 சிசி எக்ஸ்.டி.பி. டீசல் எஞ்சின், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் என்று எல்லாமே பழைய அமைப்பு. வயலுக்கு ஆயில் எஞ்சினும் உரமும் கொண்டுபோகவும், அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிச் செல்லவும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைப் பின்னால் பூட்டிக்கொள்கிறேன்.

டெல்டாவின் நிலம் கைப்பலகை போலச் சமமாகக் கிடப்பதே இங்குள்ள முதல் ஏமாற்று. மலைப்பாதையில் ஓட்டுபவருக்குப் பிரேக்கின் பலவீனம் முதல் இறக்கத்திலேயே தெரிந்துவிடும். நமக்கோ மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும். பிறகு ஒருநாள் வாய்க்கால் கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் அந்தப் பத்தடிச் சரிவில், நெல் ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போதுதான், பிரேக் மிதி தரையைத் தொட்ட பிறகும் வண்டி நகர்கிறது என்பது புரியும். கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை, 40 கிலோ. இருபத்தைந்து சிப்பம் ஏற்றினால் நெல் மட்டும் ஒரு டன். டிரெய்லரின் இரும்பு எடை தனி. அந்த எஞ்சின் லோ கியரில் இதைச் சிரமமில்லாமல் இழுத்துவிடும் என்பதால்தான் பலர் துணிகிறார்கள். ஆனால் டிரெய்லரில் பிரேக் கிடையாது. மொத்த எடையையும் ஜீப்பின் நான்கு டிரம்களே பிடித்து நிறுத்த வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடைக்கு 750 கிலோ என்ற உச்ச வரம்பு உண்டு. நானும் அதையே எனக்கு விதியாக வைத்துக்கொண்டு, பத்துச் சிப்பத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. கூடுதல் நடை போகவேண்டியிருக்கிறது, போகட்டும். வேகமும் அப்படித்தான்: 20 கிலோமீட்டரில் போவதைவிட 40 கிலோமீட்டரில் போகும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது.

மூட்டையை எங்கே அடுக்குகிறோம் என்பதும் எடைக்கு இணையான விஷயம். பாரத்தின் பெரும்பகுதி டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் அமர்ந்து, மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, டிரெய்லரை ஜீப்போடு பூட்டும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். இறக்குவதற்கு வசதி என்று பின்னால் குவித்தால், கொக்கி ஜீப்பின் பின்பக்கத்தை மேலே தூக்கும். வேகம் கூடியவுடன் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். கொக்கி பூட்டியிருக்கும் இடமான, சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) பின் குறுக்குச் சட்டத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வேதாரண்யம் பக்கம் உப்பளச் சாலைகளில் ஓடிய வண்டியானால் அந்தச் சட்டத்தின் உட்புறம்தான் முதலில் அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். சிறிய சுத்தியலால் தட்டிப் பார்த்தால், நல்ல இரும்பு கணீரென்றும் அரித்த இரும்பு மந்தமாகவும் ஒலிக்கும். உட்புறம் தடித்த தகடு வைத்து, தலையில் 8.8 என்ற வலிமைக் குறி பொறித்த போல்ட்டால் கொக்கியை முடுக்குவது நல்லது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட்டை இந்த இடத்தில் மாட்டக் கூடாது.

இனித் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நாட்களில் இங்கே தண்ணீரில் இறங்காமல் வயலுக்குப் போக முடியாது. பலரும் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடுமோ என்று மட்டும் பயப்படுகிறார்கள். பழைய ஜீப்பில் சத்தமில்லாமல் சேதம் நடப்பது, அச்சையும் அதன் கியர்களையும் மூடியிருக்கும் இரும்புக் கூடான அச்சு ஹவுசிங்கினுள். ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். மேலே காற்று போய்வர வைத்திருக்கும் பிரீதர் சேற்றால் அடைத்திருந்தால், தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரே உள்ளே ஏறும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. சில மாதங்களில் அச்சின் பெரிய பற்சக்கரமான கிரவுனின் சத்தமும் பேரிங் இரைச்சலும் எழும்போது செலவு பெரிதாகிவிடும். பிரீதரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைச் சேசிஸுக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். அப்படியும் மழைக்காலம் முடிந்ததும் ஹவுசிங்கின் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்திப் பார்க்கிறேன். ஆயில் வெளுத்து நுரைத்து வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள், யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள், சுழல்தண்டின் ஜாயிண்ட் கிராஸ் முதலியவற்றில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள்களில், பழைய கிரீஸ் சேற்றோடு பிதுங்கி வெளியேறும்வரை புதுக் கிரீஸ் அடிக்க வேண்டும். நனைந்த டிரம் சற்று நேரத்துக்குப் பிரேக்கே பிடிக்காது. தண்ணீரைவிட்டு ஏறியதும் மிதியை இலேசாக அழுத்திக்கொண்டே சிறிது தூரம் ஓட்டினால் சூட்டில் உலர்ந்துவிடும்.

இழுவையில் எஞ்சின் சூடாவது பற்றியும் சொல்ல வேண்டும். கடைமடைப் பகுதியில் போர் தண்ணீர் உப்பு கலந்தது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய்களின் உள்ளே படிவு ஏறி அடைத்துக்கொள்ளும். குடிக்கும் கேன் தண்ணீரோ பேட்டரித் தண்ணீரோ கூலன்டுடன் கலந்து ஊற்றுவது அதிகச் செலவல்ல. அறுவடை மாதங்களில் வைக்கோல் தூசி ரேடியேட்டரின் முன்புறச் செதில்களை மூடிவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கிக் காற்றடித்தால்தான் அது போகும், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே சென்று செருகிக்கொள்ளும். பாரத்துடன் மெதுவாகப் போகையில் உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிடாமல் ஒரு கியர் குறைத்து ஓட்டினால், ஃபேனும் தண்ணீர் பம்ப்பும் வேகமாகச் சுற்றிச் சூட்டைக் குறைக்கும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு, எங்கள் பகுதியில் ஜீப், டிராக்டர் எல்லாவற்றுக்கும் ஒரே வேலை, சாய்ந்த தென்னை மரங்களைச் சாலையிலிருந்து இழுப்பது. கயிறு எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த வாரங்களில் நிறையப் பேர் கண்கூடாகப் பார்த்தார்கள். சங்கிலியைக் கட்டி வெடுக்கென்று இழுப்பதுதான் மிக மோசம். அறுந்தால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. லோ கியரில், கயிறு மெல்ல விறைத்த பிறகே பாரம் கொடுக்க வேண்டும். கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டுவைத்தால் அறுந்தாலும் துள்ளல் குறையும். பம்பரில் கட்டாமல் சேசிஸ் கொக்கியில் கட்ட வேண்டும், கயிற்றின் நீளத்துக்குள் ஒருவரையும் நிற்கவிடக் கூடாது. களிமண்ணில் புதைந்த வண்டியை இழுப்பதற்கு முன் சக்கரத்தைச் சுற்றி மண்வெட்டியால் வெட்டிக் காற்றுப் புக வழி செய்தால் பாதி வேலை முடிந்தது. மண்ணின் பிடிப்புதான் அங்கே உண்மையான எடை.

வயலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியதும் முன் சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் ஃபோர் வீல் லிவரை எடுத்துவிட வேண்டும் என்பது தெரிந்த செய்தியே. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டியிருக்கையில் கெட்டியான தரையில் திரும்பினால், வேகவித்தியாசம் போக இடமில்லாமல் கியர் பாக்ஸ் முறுக்கிக்கொள்ளும். லிவர் வர மறுத்தால் பலம் காட்டாமல் வண்டியைச் சற்றுப் பின்னால் எடுத்தால் போதும், தானாகவே விடுபடும்.

இந்தக் குறுவை அறுவடைக்கு முன்பு டிரெய்லருக்கும் ஒரு பிரேக் வைத்துவிடலாம் என்று லேத் பட்டறையில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஜீப் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் அந்த விசையையே பயன்படுத்தி, கொக்கித் தண்டு உள்ளே நழுவி அதன் பிரேக்கை இழுக்கும் அமைப்பு அது. தனி ஹைட்ராலிக் குழாய் தேவையில்லை. பட்டறைக்காரர் உடனே ஒரு கேள்வி போட்டார்: "அண்ணே, ரிவர்ஸ் எடுக்கறப்பவும் அதே தண்டு உள்ள போய்ப் பிரேக் புடிச்சுக்குமே, களத்துக்குள்ள எப்படி பின்னால கொண்டுவருவீங்க?" கேள்வி நியாயமானது. ஒற்றை வண்டிக் கரையில் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளிக் களத்துக்குள் கொண்டுபோவது இங்கே அன்றாடம். தண்டை வெளியே நிறுத்திவைக்கும் ஒரு கொண்டியை, ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் போட்டு, பின்பு மறக்காமல் எடுக்கும்படி வைக்கலாம் என்பது அவர் யோசனை. மறந்துவிட்டால் பிரேக் இல்லாத பழைய டிரெய்லர்தான். அதனால் முன்னோக்கி நகர்ந்ததும் தானே கழன்றுவிடும்படி அந்தக் கொண்டியைச் செய்ய முடியுமா என்று அட்டை வெட்டி அளவு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.