குறள் மேலே, உரை கீழே: விம் நாட்குறிப்பு

ஜூலை 5

குறள் மூலம் ஒரு ஃபைலில், உரை இன்னொன்றில். இரண்டையும் ஒத்துப் பார்த்துப் பிழை திருத்தித் தர வேண்டும். விம் என்கிற டெக்ஸ்ட் எடிட்டரில் கண்ட்ரோல் டபிள்யூ அடித்து வி அடித்தால் திரை பக்கவாட்டில் பிரிகிறது, எஸ் அடித்தால் மேலும் கீழுமாக. இணையத்தில் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் வி-யைத்தான் காட்டுகிறார்கள், புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அது சரி, தமிழ் உரைநடைக்கு ஆகாது. நம் சொற்கள் நீளம், லேப்டாப்பில் அகலம் பாதியானால் வரிக்கு நாலைந்து சொல்தான் நிற்கும், மிச்சமெல்லாம் உடைந்து கீழே விழும். பக்கவாட்டுப் பிரிப்பே 2001-ல் 6.0 வந்தபோதுதான் விம்முக்குள் நுழைந்தது. 1994-ல் 3.0-உடன் ஜன்னல் பிரிப்பு வந்ததிலிருந்து அதுவரை மேல்கீழை வைத்தே ஆட்கள் பிழைத்திருக்கிறார்கள்.

பிரிந்த ஒவ்வொரு பாகமும் விம்முக்கு ஒரு ஜன்னல். புது ஜன்னல் எப்போதும் மேலே வந்து உட்காருகிறது. ஸ்பிளிட்பிலோ என்ற செட்டிங்கைப் போட்டுவிட்டேன், இனி கீழே வரும்.

ஜூலை 6

இரண்டு ஜன்னலும் சேர்ந்து நகர வேண்டும். அதற்கு ஸ்க்ரோல்பைண்ட். இரண்டிலும் தனித்தனியாக செட் செய்ய வேண்டும், அல்லது விண்டு என்ற கட்டளையை முன்னால் போட்டால் எல்லா ஜன்னலுக்கும் ஒரே அடியில் போய்விடும். ஆனால் அது வரி எண்ணை வைத்து நகர்த்துகிறதே தவிர, இது எந்தக் குறள், அதன் உரை எது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் மூலத்தில் குறளுக்கு இரண்டு வரி, ஒரு வெற்று வரி. உரையில் எண் ஒரு வரி, உரை முழுவதும் ஒரே வரி, ஒரு வெற்று வரி. இரண்டு பக்கமும் குறளுக்கு மூன்று வரி. இப்போது மேலே உருட்டினால் கீழே சரியான உரை வந்து நிற்கிறது. நீளமான உரை மடங்கிப் பல வரியாகத் தெரிந்தாலும் விம் கணக்கில் அது ஒரே வரிதான், கணக்கு குலையாது. லைன்பிரேக் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சொல்லின் நடுவில் வெட்டும், படிக்கச் சகிக்காது.

ஜூலை 8

காலையிலிருந்து கரண்ட் இல்லை. மதுரை புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். சித்தி மகன் அங்கேதான் பரீட்சைக்குப் படிக்கிறான், பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான்.

அப்போது 'எழுமையும் ஏமாப் புடைத்து' என்ற அடியில் நின்றுகொண்டிருந்தேன். அடக்கமுடைமையில் 126-வது குறளும் இப்படித்தான் முடிகிறது, கல்வி அதிகாரத்தில் 398-வது குறளும் இப்படித்தான் முடிகிறது. தட்டச்சு செய்தவர் ஒன்றில் சேர்த்தும் ஒன்றில் பிரித்தும் அடித்திருந்தார். மூல ஃபைலையே இரண்டு ஜன்னலில் திறந்தேன், மேலே 377-வது வரி, கீழே 1193. ஒன்றைப் பார்த்து ஒன்றைத் திருத்தியாயிற்று.

"அண்ணே, ரெண்டும் ஒரே ஃபைலா? அப்ப மேல ஒண்ணு அழிச்சா கீழயும் போயிருமா?"

"போயிரும்டா. ஃபைல் உள்ள ஒண்ணுதான் இருக்கு, ரெண்டு எடத்துல நின்னு பாக்குறோம்."

"அப்ப ஜன்னல மூடுனா?"

ஒன்றை மூடினால் அந்தப் பார்வைதான் போகும், இன்னொரு ஜன்னலில் திறந்திருக்கிற வரை ஃபைல் நினைவகத்தில் அப்படியே இருக்கும் என்று சொல்லி மூடியும் காட்டினேன். இது விளங்காமல்தான் பாதிப் பேர் ஜன்னல் மூடப் பயந்து திரையை அடைசலாக வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 9

தமிழ் விசைப்பலகை தொல்லை. தமிழில் அடித்து முடித்து, எஸ்கேப் தட்டி எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்கு வந்த பிறகும் கணினி தமிழிலேயே இருக்கும், ஜன்னல் மாற கண்ட்ரோல் டபிள்யூவுக்குப் பின் ஜே அடித்தால் விம்முக்கு ஏதோ தமிழ் எழுத்துதான் போய்ச் சேருகிறது. எஸ்கேப் தட்டாமல் கண்ட்ரோல் டபிள்யூ அடித்தால் இன்னும் மோசம், கடைசிச் சொல்லை அழித்துவிடும். சிஸ்டத்தின் தமிழை அணைத்துவிட்டு விம்முக்குள்ளேயே கீமேப் (எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற பட்டியல்) வைத்துக்கொண்டால் இந்த வம்பு இல்லை: எழுதும்போது மட்டும் தமிழ், கட்டளைக்கு ஆங்கிலம்.

ஜூலை 12

அறத்துப்பால் 380 குறளும் முடிந்தன. சிறிய திரையில் எனக்கு அதிகம் உதவியது கண்ட்ரோல் டபிள்யூவுடன் அடிக்கோடு: இருக்கிற ஜன்னல் முழு உயரத்துக்கு விரியும், மற்றது ஒற்றை வரியாக ஒடுங்கும், பரிமேலழகர் நீளமாகப் போகிற இடங்களில் இதுதான் வசதி. சமக்குறி அடித்தால் மறுபடி சரிபாதி. ஓ அடித்தால் மற்றதெல்லாம் மூடும், ஆனால் ஹிட்டன் செட்டிங் (ஜன்னல் மூடினாலும் ஃபைலை நினைவகத்தில் வைத்திருப்பது) இல்லாத விம்மில், சேமிக்காத திருத்தம் இருக்கிற ஜன்னலை மட்டும் மூட மறுக்கும். அது நல்லதுதான்.

எழுந்திருக்கும் முன் எம்கே-செஷன் கொடுத்து அமைப்பைச் சேமித்துவிட்டேன். திங்கட்கிழமை பொருட்பால், 700 குறள்.