உறுமி முன்னால் நிற்கும் பாட்டு: சுங்கை சிப்புட் (மலேசியா) நாட்குறிப்பு

ஆகஸ்டு 3, ஞாயிறு

எங்கள் ராக் குழுவின் புதுப் பாட்டுக்காகச் சித்தப்பாவின் உறுமி மேளத்தைப் பதிவு செய்தாகிவிட்டது. ஸ்டூடியோ வேண்டாம், கோயில் மண்டபத்தில்தான் வாசிப்பேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அதுவே நல்லதாய்ப் போயிற்று. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தார் பாருங்கள், அந்த முனகல் சிமெண்டுச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. கிட்டார் சத்தத்தை மாற்றும் எந்த பெடலும் அதைத் தராது. இரண்டு முகத்துக்கும் தனித்தனி மைக், மண்டபக் கோடியில் இன்னொன்று.

ஆகஸ்டு 6, புதன்

இன்று மிக்ஸிங், அதாவது பதிவான சத்தங்களை அளவு பார்த்து ஒன்றுசேர்க்கும் வேலை. உறுமியின் முனகலும் என் பேஸ் கிட்டாரும் ஒரே கீழ்ஸ்தாயியில் மோதிக்கொள்கின்றன. எது எதுவென்றே தெரியவில்லை. மிக்ஸ் செய்யும் அண்ணன் உறுமியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தைப்பூசத்திலும் தோட்டத்துத் திருவிழாவிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்த சத்தம் இது. ராக் பாட்டில் அதை இலை ஓரத்து ஊறுகாயாக வைப்பதற்கா கூப்பிட்டோம்?

கடைசியில் இரண்டாம் சரணத்தில் பேஸையே எடுத்துவிட்டோம். கீழே உறுமி, மேலே கிட்டார், நடுவில் குரல். கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. நான் வாசிக்காத இடம்தான் இந்தப் பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

ஆகஸ்டு 8, வெள்ளி

பாட்டை விநியோகத்துக்கு ஏற்றியாயிற்று. 29ஆம் தேதி வெளியீடு. 2015 முதல் உலகமெங்கும் புதுப் பாட்டுக்கு வெள்ளிக்கிழமைதான். ஸ்பாட்டிஃபை பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க ஒரு வாரமாவது முன்னால் கொடுக்க வேண்டும். எங்களுக்கு நேரம் இருக்கிறது.

ஆகஸ்டு 16, சனி

வீடியோ படப்பிடிப்பு. செம்பனைக்குள் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும், அதோடு மத்தியானத்துக்கு மேல் மழை. அதனால் விடிந்ததும் ஆரம்பித்தோம்.

ஸ்லோமோஷனில் வாயசைப்பு பொருந்த ஒரு வழி உண்டு. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, வினாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து, 25இல் ஓட்ட வேண்டும். பாடுகிற தம்பிக்கு நாக்குக் குழறியது. சித்தப்பா அந்த வேகத்திலும் அசராமல் செம்மண் பாதையில் வாசித்துக்கொண்டே நடந்தார். குலை வெட்ட வந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் கொக்கியைச் சாய்த்துவைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

பாட்டில் பாட்டி காசு சேர்க்கும் ஒரு வரி வருகிறது. ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக, நம்மூர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் அல்லவா? பாட்டியும் அதில் சேர்ந்தவர். அவருடைய பங்குப் பத்திரத்தைப் படமெடுத்தோம். மடிப்பில் கிழிந்து பழுத்த காகிதம், அடியில் கைநாட்டு. ரேகை இன்னும் தெளிவாக இருக்கிறது. அந்த ஷாட்டுக்கு எந்த எஃபெக்டும் வேண்டாமென்று எடிட்டிங் செய்யும் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்டு 29, வெள்ளி

நள்ளிரவில் பாட்டு வந்துவிட்டது, வீடியோவும்தான். குழுவின் பெயருக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்கிறது. இதில் மட்டும் நாங்கள் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

காலையில் சாப்பாட்டுக் கடை டிவியில் போட்டார்கள். சித்தப்பா தே தாரிக்கை (எங்களூர்ப் பால் டீ) ஆற்றிக்கொண்டே முழுசாகப் பார்த்தார். “ரெண்டாவது சரணத்துல நீ எங்கடா போன?” என்று கேட்டார். சொன்னேன். “மேடையில அப்படிச் செய்யாத. சேர்ந்து வாசி, நான் இடம் விடுறேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒத்திகை.