நிற்கும் எஞ்சினுக்கும் வேலை உண்டு

கொழும்புக்கு அருகே ஓர் எண்ணெய் மின் நிலையத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு விளங்காத ஒன்று, ஷிப்டுக்கு வருகிற எல்லோரும் மலைநாட்டு மழையைப் பற்றியே விசாரிப்பது. போகப்போகப் புரிந்தது. காசல்ரி, மவுஸ்ஸாக்கலை என்ற நீர்மின் நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் எங்கள் எஞ்சின்களுக்கு ஓய்வு. வற்றினால் இரவு பகல் ஓட்டம்.

இலங்கை நெடுங்காலம் ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் விளக்கேற்றியது. 1996 வறட்சி அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் வரை மின்வெட்டு. அதன்பின் டீசல் நிலையங்கள் அவசர அவசரமாக எழும்பின. நிலக்கரி நிலையம் வரும்வரை சமாளித்தால் போதும் என்பதுதான் கணக்கு. அந்த நிலையம் நுரைச்சோலையில் இயங்கத் தொடங்கும்போது 2011 ஆகிவிட்டது. இடையில் நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் எண்ணெயில் இருந்தே வந்த வருடங்களும் உண்டு. மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் திட்டு எங்களுக்குத்தான். எண்ணெய் மின்சாரம் விலை கூடியது, மறுக்கவில்லை. ஆனால் வறட்சிக்கென்று வாங்கியதை வருடம் முழுக்க ஓட்டச் சொன்னது எஞ்சின் அல்லவே!

பெரிய டீசல் எஞ்சினில் எரிவது பெரும்பாலும் உலை எண்ணெய். மசகு எண்ணெயில், அதாவது கச்சா எண்ணெயில், பெற்றோல், டீசல் எல்லாம் பிரித்த பிறகு அடியில் மிஞ்சுவது, தார் மாதிரி இருக்கும். சூடாக்காமல் பம்ப் இழுக்காது. பியூரிஃபையரில் சுழற்றித் தண்ணீரையும் சகதியையும் பிரித்து, எஞ்சினுக்குள் தெளிப்பதற்கு முன் 120, 130 பாகைக்குச் சூடேற்ற வேண்டும். நீண்ட நேரம் நிறுத்துவதென்றால் கடைசியில் டீசலுக்கு மாற்றி ஓட்டிக் குழாய்களைக் கழுவ வேண்டும். விட்டால் உள்ளேயே இறுகிவிடும், அப்புறம் அடுத்த ஷிப்ட்காரனின் வாயில் விழ வேண்டியதுதான். ஓடாத எஞ்சினிலும் தண்ணீர்ச் சுற்றைச் சூடாகவே வைத்திருப்போம், கட்டுப்பாட்டு நிலையம் கேட்டவுடன் லோட் எடுக்க, அதாவது மின்சாரம் கொடுக்கத் தொடங்க. "சும்மா நிற்கிற மெஷினுக்கு எதற்கு இத்தனை பேர்?" என்று கேட்ட கணக்காளர் ஒருவரை நான் எண்ணெய்த் தாங்கிப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலையில் கிடைக்கும் நாப்தா என்ற இலேசான எண்ணெய் களனிதிஸ்ஸ மின் நிலையத்தில் எரிகிறது. உலை எண்ணெயும் மின் நிலையங்களுக்கே போகிறது. மழை நன்றாகப் பெய்து நாங்கள் வாங்காமல் விட்டால் ஆலையின் தாங்கிகள் நிரம்பிவிடும். எங்களை ஒரேயடியாக மூடச் சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததே, அப்போது எஞ்சின் தயார், ஆட்களும் தயார். எண்ணெய் வாங்க நாட்டிடம் டொலர்தான் இல்லை. இறக்குமதி எண்ணெயை அவசர கால நண்பன் என்று அதுவரை சொல்லிவந்தவன் நான். பிறகு அந்தப் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

இப்போது கூரை எல்லாம் சூரியத் தகடு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் அவற்றை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது, அவ்வளவு மிச்சம். அதே நாட்டுக்கு மாலை 6.30 முதல் 10.30 வரை மின்சாரம் போதாது. நிலக்கரி அலகை அப்படி நினைத்த நேரம் ஏற்றி இறக்க முடியாது. 2025 பெப்ரவரியில் நாடு முழுக்க இருண்டபோது நுரைச்சோலை மீண்டு வரச் சில நாட்கள் எடுத்தது. டீசல் எஞ்சின் சூடாக இருந்தால் நிமிடக் கணக்கில் லோட் எடுக்கும். பகல் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பட்டரிகள் வரும்வரை அந்த மாலை நேரத்துக்கு எங்களைத் தேடுவார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பழைய எண்ணெய் நிலையங்களை மூடப்போவதாகச் சொல்லிக்கொண்டே வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். மூடப்போகிற நிலையத்துக்கு உதிரிப்பாகம் எதற்கு என்று அதையும் இழுத்தடிப்பார்கள். வைத்திருப்பதென்றால் ஓவர்ஹோல் செய்து ஒழுங்காக வைத்திருங்கள். மூடுவதென்றால் திகதியைச் சொல்லுங்கள், நாங்களும் வேறு வேலை பார்க்க வேண்டும்.