திருஷ்டி கழித்த மாணிக்கம்

என் மாமனார் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கடலூர் முதுநகர் மீன் சந்தையில் தராசுத் தட்டின் அடியில் புளி உருண்டையை ஒட்டிவைத்து வியாபாரம் செய்தவரை, தட்டைத் தொடாமலே, அது நிற்கிற சாய்வைப் பார்த்தே பிடித்தவர். அவர் மஞ்சக்குப்பம் கடைவீதியில் நடந்து வந்தால் படிக்கற்கள் தாமாகவே சரியான எடைக்கு வந்துவிடும் என்று என் மாமியார் இன்றும் பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்ட மனிதரைத்தான், பள்ளி விடுமுறைக் காலத்து மே மாதப் பிற்பகல் ஒன்றில், தொலைக்காட்சியில் சுழன்றுகொண்டிருந்த ஒரு சிவப்புக் கல் வீழ்த்தியது.

கறுப்பு வெல்வெட் விரித்த சிறு மேடையில் அந்தக் கல் மெதுவாகச் சுழன்றது. பட்டுப்புடவை உடுத்திய பெண்மணி ஒருவர், மாணிக்கம் சூரியனுக்கு உரியது என்றும், சிம்ம ராசிக்காரர்கள் அணிந்தால் அரசாங்கக் காரியங்கள் கைகூடும் என்றும், ஐந்து கேரட் கல்லின் விலை 24,000 ரூபாயிலிருந்து 4,999 ரூபாயாக இறங்கிவிட்டது என்றும், அதுவும் திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரம் நிற்கும் வரைதான் என்றும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா சிம்ம ராசி. ஓய்வூதிய நிலுவை ஒன்றும் அவருக்கு நெடுநாளாக வரவேண்டியிருந்தது.

“வாங்குவதற்கு முன் தரம் பார்க்க வேண்டாமா, மாமா?” என்று கேட்டேன்.

“பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், அம்மா” என்றார்.

உண்மையிலேயே பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எனக்கிருந்த சந்தேகம் வேறு. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி, அத்தையின் நெடுந்தொடர்களுக்காக நிறம் கூட்டி வைக்கப்பட்டது. அதில் செய்தி வாசிக்கும் அத்தனை பேரும் அப்போதுதான் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களைப் போல இருப்பார்கள். அந்தப் பெட்டியில் சிறு வெங்காயத்தைக் காட்டினாலும் அது மாணிக்கமாகத்தான் தெரியும். ஐயம் தீர்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்குச் சென்று அதே நிகழ்ச்சியை அவர்கள் பெட்டியில் பார்த்தேன். எங்கள் வீட்டில் மாதுளம்பழமாக இருந்த கல் அங்கே வெளுத்த ரோஜா நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து இதைச் சொன்னபோது, “அவர்கள் டிவி பழசு” என்று மாமா தீர்ப்பளித்தார்.

கல்லின் சிவப்பைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது நகைத்தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். இங்கே படப்பிடிப்புத் தளத்து விளக்கு, ஒளிப்பதிவுக் கருவி, எங்கள் பெட்டியின் நிறத்தேர்வு ஆகிய மூன்றையும் கடந்து வந்த சிவப்பைத்தான் நாங்கள் மதிப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்மணி “புறா இரத்தச் சிவப்பு” என்று தரத்தின் உச்சத்தைக் குறிப்பிட்டபோது, சஷ்டி விரதத்தில் இருந்த அத்தை காதைப் பொத்திக்கொண்டார். தமிழாசிரியை என்ற முறையில் என் பங்குக்கு நானும் கொஞ்சம் முயன்றேன். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை வைரத்தின் குற்றங்களாகக் கூறும் காகபாதம், களங்கம் முதலியவற்றை இந்த மாணிக்கத்திலும் தேடினேன். ஒரு களங்கம் அகப்படவும் செய்தது. துடைத்துப் பார்த்தால் அது திரையில் ஈ இட்டுச் சென்ற எச்சம்.

கடிகாரம் நிற்பதற்கு நாற்பது நொடிகள் இருக்கும்போது மாமா தொலைபேசியை எடுத்தார்.

திரையில் தேங்காய் அளவுக்கு இருந்த கல், ஐந்தாம் நாள் கூரியரில் மொச்சைக்கொட்டை அளவில் வந்து சேர்ந்தது. அதனுடன் பளபளப்பான அட்டையில் ஆங்கிலச் சான்றிதழ் ஒன்றும் இருந்தது. மாமா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சான்றிதழை நம்புகிற துறையில் அவர் வேலை பார்த்ததில்லை. நேராகத் தெரிந்த நகைக்கடைக்குப் போய், அங்கிருந்த மின்னணுத் தராசை முதலில் சோதித்துவிட்டு, பிறகு கல்லை அதில் வைத்தார். 1.004 கிராம். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், ஆகவே 5.02 கேரட். சொன்னதைவிட ஒரு நூல் கூடுதலாகவே அனுப்பியிருந்தார்கள். அன்றிரவு மாமா சாப்பிட்ட சாப்பாட்டில் ஒரு கவளம் கூடுதலாக இருந்தது. “முப்பது வருஷ சர்வீசில் இவ்வளவு நியாயமான எடையைப் பார்த்ததில்லை” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சூரிய ஓரையில் கல்லைப் பத்தரிடம் கொடுத்து மோதிரம் கட்டச் சொல்வதென்று முடிவாயிற்று. இதற்கிடையில் அத்தைக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த குழந்தையை நாலு பேர் பார்த்தாலே திருஷ்டி சுற்றிப் போடுகிறோம். இந்தக் கல்லையோ தமிழ்நாடு முழுவதும் உட்கார்ந்து வெறித்துப் பார்த்திருக்கிறது. அப்படியிருக்க, அதைக் கழிக்காமல் எப்படி விரலில் போடுவது? கேள்வியில் நியாயம் இருந்ததாகவே எனக்கும் பட்டது. சனிக்கிழமை இரவு அத்தை மூன்று எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து, சாற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, கல்லை அதில் இட்டுச் சாமி படத்தின் முன்னால் வைத்தார்.

காலையில் எடுத்துப் பார்த்தபோது திருஷ்டியோடு மாணிக்கத்தின் அழகும் கழிந்திருந்தது. மேற்பரப்பு முழுவதும் சிலந்தி வலை பின்னியதைப் போல வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். அத்தை அழுதுவிட்டார். மாமா ஒன்றும் பேசாமல் அதை மறுபடியும் எடை போடக் கிளம்பினார்; ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை என்று தடுத்து நிறுத்தினோம்.

திங்கட்கிழமை நான் கல்லை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினேன். அங்கே கற்களைச் சோதித்துச் சொல்லும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணருகே வைத்துக் கல்லை இப்படியும் அப்படியும் சாய்த்தவர், அரை நிமிடத்தில் சிரித்துவிட்டார். “எலுமிச்சம்பழமா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் விளக்கியதன் சாரம் இதுதான். மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடு. அதில் கலந்திருக்கும் சிறிதளவு குரோமியம்தான் சிவப்பைத் தருகிறது. கடினத்தன்மையில் வைரம் பத்து என்றால் மாணிக்கம் ஒன்பது. நல்ல மாணிக்கத்தை எலுமிச்சைச் சாற்றில் ஒரு மாதம் ஊறப்போட்டாலும் சாறுதான் கெடுமே தவிரக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விரிசல் மலிந்து, வேறெதற்கும் உதவாத மட்டக் கற்களைச் சூடாக்கி, உருக்கிய ஈயக் கண்ணாடியை அந்த விரிசல்களுக்குள் செலுத்தும் முறை ஒன்று 2004 வாக்கில் சந்தைக்கு வந்தது. ஈயக் கண்ணாடியும் மாணிக்கமும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். லென்ஸில் பார்த்தால் உள்ளே சிறு காற்றுக் குமிழ்களும், சாய்க்கும்போது மின்னி மறையும் நீலப் பளிச்சும் காட்டிக்கொடுத்துவிடும். எலுமிச்சையின் அமிலம் அந்தக் கண்ணாடியைத்தான் அரித்திருக்கிறது. பத்தரின் ஊதுகுழல் தீயும் அதையே செய்திருக்கும்.

“எடை சரியாக இருந்ததே, ஐயா” என்றேன், மாமாவின் சார்பில்.

“இருக்கும் அம்மா. ஈயம் கனமானது. கண்ணாடியையும் சேர்த்துத்தான் கேரட் கணக்கில் விற்றிருக்கிறார்கள்” என்றார். பிறகு சான்றிதழை வாங்கி, கடைசி வரியில் எறும்பு ஊர்ந்ததைப் போல அச்சாகியிருந்த எழுத்துகளைச் சுட்டிக்காட்டினார். விரிசல்கள் கண்ணாடியால் நிரப்பப்பட்டவை என்று அதிலேயே எழுதியிருந்தது.

எழுந்திருக்கும்போது அவர் சற்றே கவலையுடன், “அந்தச் சாற்றை என்ன செய்தீர்கள்? ஈயம் கலந்திருக்கும், குடித்துவிடாதீர்கள்” என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அத்தை எதையும் வீணாக்குபவர் அல்லர்; நேற்று மதியம் வைத்ததோ எலுமிச்சை ரசம். உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். ரசத்துக்குப் புதுப்பழம்தான் பிழிந்தாராம். “திருஷ்டி கழித்த சாற்றை யாராவது சாப்பிடுவார்களா? குத்துவிளக்குத் தேய்த்தேன். வந்து பார், இதுவரை அப்படி மின்னியதே இல்லை” என்றார். கையை நன்றாகக் கழுவச் சொல்லிவிட்டு மூச்சு விட்டேன்.

திரும்பும் பேருந்து அரியாங்குப்பத்தைக் கடந்தபோது அருகிலுள்ள அரிக்கமேட்டை நினைத்துக்கொண்டேன். 1945இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்த அந்த மண்ணில் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் சேர்ந்தே கிடைத்தன. கண்ணாடியும் கல்லும் அந்த ஊரில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்றைப் புகுத்தத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

மாமா சான்றிதழின் கடைசி வரியை லென்ஸ் வைத்து மூன்று முறை படித்தார். “எழுத்தில் கொடுத்திருக்கிறான். எடையிலும் குறையில்லை. நானே ஆய்வுக்குப் போயிருந்தாலும் வழக்குப் பதிய முடியாது” என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிடத் தொழில் மரியாதையே அதிகம் இருந்தது.

மறுநாள் பிற்பகல் அதே மேடையில் மஞ்சள் புஷ்பராகம் ஒன்று சுழலத் தொடங்கியது. மாமா நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்தார். சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: “வீட்டில் இன்னும் நாலு எலுமிச்சம்பழம் இருக்கிறது.”

மாமா செய்திக்கு மாற்றினார்.