பட்டி காணாது

வன்னியில் ஒருவரைக் கண்டதும் சுகம் விசாரிப்பதே உடம்பை வைத்துத்தான். "என்ன பிள்ளை, மெலிஞ்சு போனாய், சுகமில்லையோ?" என்பார்கள். இல்லாவிட்டால் "நல்லா உடம்பு வைச்சிட்டுது" என்பார்கள். இரண்டாவது வசனத்தில் ஒரு காலம் மகிழ்ச்சி மட்டுமே இருந்தது. 2009 போரில் பதுங்குகுழிக்குள் உப்புக்கஞ்சியோடு கிடந்து, பிறகு முகாமில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற சனம், மீளக் குடியேறியதும் கன்னத்தில் சதை பிடித்த பிள்ளையைப் பார்த்து ஆறுதல் பட்டது. இன்று அதே வசனம் கலியாணம் பேசும் வீட்டிலும் கிளினிக் வாங்கிலும் குற்றச்சாட்டாக மாறிவிட்டது. சொல் மாறவில்லை, தொனிதான் மாறியிருக்கிறது.

உடம்பைக் காட்டி ஒருவரை ஒதுக்கலாமா என்ற விவாதத்துக்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. பருத்த உடல்கொண்டவர்களின் உரிமைக்கான அமைப்பு 1969இலேயே அங்கு தொடங்கப்பட்டது. உடல் நிறையைக் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்று மிச்சிகன் மாநிலம் 1976இல் சட்டம் இயற்றியது. நியூயோர்க் நகரம் 2023இல் இயற்றியது. மெலிந்தவருக்குக் கேளாமலே கிடைக்கும் வசதிகளை அங்கே 'மெலிந்த உடலின் சிறப்புரிமை' என்ற பொருளில் பேசுகிறார்கள். "எங்களையும்தானே ஈர்க்குச்சி என்று பழிக்கிறார்கள், இதில் என்ன சிறப்புரிமை?" என்று மெலிந்தவர்கள் கேட்பதும் நியாயமே. ஆனால் பழிச்சொல் வேறு, இடைஞ்சல் வேறு. பழிச்சொல் இரண்டு பேருக்கும் வரும். கதிரையும் தராசும் பிறசர் பார்க்கக் கையில் கட்டும் பட்டியும் ஒருவருக்குத்தான் பொருந்தும். சிறப்புரிமை என்பதைவிட 'இடைஞ்சல் இல்லாமை' என்ற சொல்லே கிளினிக்கில் நாங்கள் செய்யும் வேலைக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பிறசர் பட்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கிளினிக் மேசைகளில் ஒரே அளவுப் பட்டிதான் கிடக்கும். அது மேற்கையின் சுற்றளவு 27 முதல் 34 சென்ரிமீற்றர் வரை உள்ளவர்களுக்கு உரியது. 35 முதல் 44 வரை பெரிய பட்டி வேண்டும். 22 முதல் 26 வரை சின்னப் பட்டி. உள்ளே இருக்கும் றப்பர் பை கைச்சுற்றளவில் 80 வீதத்தையாவது சுற்றியிருக்க வேண்டும். சிறிய பட்டியைப் பெரிய கையில் கட்டினால் காற்றின் அழுத்தம் நாடிவரை சரியாகப் போய்ச் சேராது. நாடியை அடைக்க இன்னும் கூடக் காற்று அடிக்க வேண்டிவரும், இல்லாத பிறசர் இருப்பதாகக் காட்டும். 2023இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், பெரிய பட்டி தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டி பிறசரின் மேல் அளவைச் சராசரியாக ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் (mmHg) கூட்டிக் காட்டியது. அதற்கும் பெரிய பட்டி தேவைப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 20. அந்த 20க்காக எழுதப்படும் குளிசை, வயலில் குனிந்து நிமிரும்போது தலைசுற்றி விழுத்தும். மெலிந்த கைக்குப் பெரிதான பட்டி உண்மையான பிறசரைக் குறைத்துக் காட்டிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

பம்பை அமுக்க அமுக்க ஒட்டுப்பட்டி நழுவி, பாதியில் 'டர்' என்று பிரிந்துவிடும். வாங்கில் இருக்கிற அவ்வளவு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் வாயில் வரும் வசனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "உங்கட கை பெரிசு அம்மா" என்றால் பிழை அவருடையதாகிவிடும். "இந்தப் பட்டி காணாது, வேற எடுத்து வாறன்" என்றால் பிழை பட்டியினுடையது. உண்மையும் அதுதான். பெரிய பட்டி இல்லாத இடத்தில் சாதாரணப் பட்டியை முன்னங்கையில் கட்டி, கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்திவைத்துப் பார்க்கலாம். முன்னங்கையில் பார்த்தது என்று குறித்துவைக்க வேண்டும், இரண்டு அளவும் ஒன்றல்ல. சட்டையின் இறுக்கமான கையை மேலே சுருட்டிவிட்டுக் கட்டுவதும் பிழை, சுருட்டிய துணியே கயிறு மாதிரி இறுக்கும். மறைப்புக்குப் பின்னால் சட்டைக்கையைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

நிறை பார்ப்பதிலும் இப்படித்தான். தராசு வாசலில் கிடக்கும், நிறையை உரத்துச் சொல்லி இன்னொருவர் எழுதுவார். எழுதுகிறவருக்குக் காட்டினாலே போதும், சத்தம் தேவையில்லை. வீட்டுப் பாவனைத் தராசுகள் பல 120, 130 கிலோவுக்கு மேல் காட்டாது. நிலம் சமமில்லாவிட்டால் இரண்டு முறை ஏறினால் இரண்டு நிறை. சீமெந்துத் தரையில் வைத்து, பூச்சியத்தைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்ன பிறகு "இன்றைக்கு நிறை பாக்கட்டோ அக்கா?" என்று கேட்பதில் ஒரு நிமிடமும் வீணாகாது.

அடுத்தது, வருத்தம் கவனிக்கப்படாமல் போவது. முழங்கால் நோவோடு பருத்த ஒருவர் வந்தால், "நிறையைக் குறையுங்கோ" என்பதோடு அனுப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. வீக்கமா, சூடா, எவ்வளவு மடங்குகிறது, நாற்று நடக் குந்துகிறவரா, பழைய காயமா என்று பார்ப்பதில்லை. ஷெல்துண்டு இன்னும் உடம்புக்குள் இருக்கும் ஆட்கள் வாழும் மண் இது. மெலிந்த ஆளுக்கு நேர்வது இதன் மறுபக்கம். "உங்களுக்கு எங்க சீனி வரப்போகுது" என்று இரத்தம் எடுக்காமல் விடுவார்கள். தெற்காசிய உடம்பில் நிறை குறைவாக இருக்கும்போதே சீனி வருத்தம் வரும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டியில் (கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தது) 23, 27.5 என்று தனி எல்லைகளைச் சொன்னது. உடற்திணிவுச் சுட்டியின் கணக்கே 1830களில் பெல்ஜியத்தின் அடோல்ப் கெட்லே சனத்தொகையின் சராசரியைத் தேடிப் போட்டது; தனி ஒருவரின் வருத்தத்தைக் கண்டுபிடிக்கச் செய்ததல்ல. எங்களுக்கு இடுப்பளவே கூடுதல் பயன் தரும். கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட முடிவில் பார்க்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் ஆகிவிட்டால் ஆள் எவ்வளவு மெலிவாகத் தெரிந்தாலும் சீனி பார்க்க வேண்டும்.

காலை இழந்தவர்களின் கணக்கு எங்கள் பகுதியில் தினமும் வரும், தினமும் பிழைக்கும். முழங்காலுக்குக் கீழ் ஒரு காலும் பாதமும் உடல்நிறையில் ஏறத்தாழ 5.9 வீதம்; முழுக்கால் 16 வீதம். முழங்காலுக்குக் கீழ் காலை இழந்த, 1.60 மீற்றர் உயரமான ஒருவர் செயற்கைக்காலோடு 58 கிலோ, செயற்கைக்கால் 2 கிலோ என்று வைப்போம். மிச்சம் 56, சுட்டி 21.9, 'நல்லம்' என்று எழுதிவிடுவோம். இழந்த 5.9 வீதத்தையும் சேர்க்க 56ஐ 0.941ஆல் பிரித்தால் 59.5 கிலோ, சுட்டி 23.2. 23 என்ற எல்லை தாண்டியாயிற்று. இந்த ஆட்களுக்கு நிறை கூடினால் செயற்கைக்காலின் குழி இறுகித் தோல் புண்ணாகும். குறைந்தால் குழி தளர்ந்து மேசுக்கு மேல் மேசு போட வேண்டிவரும். இவர்களிடம் நிறையைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். புண் ஆற, நடை சீராக என்று பேசினால் கேட்பார்கள். "உடம்பு வைச்சிட்டீங்கள்" என்று தொடங்கினால் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார்கள். புண் முற்றிய பிறகுதான் வருவார்கள்.

உடம்பைக் குறைக்கச் சொல்வதே அவமானம் என்ற வாதத்தோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பசியை அறிந்த தாய் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி சோறு போடுவதைப் பழிப்பதும் முடியாது. எங்கள் கைக்கு எட்டுவது ஒன்று இருக்கிறது. தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவை ஒருமுறை சுற்றி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: 'கை 37, பெரிய பட்டி'. அடுத்த முறை யார் மேசையில் இருந்தாலும், ஆள் வந்து இருக்கும்போதே சரியான பட்டி மேசையில் இருக்கும்.