வெர்டன் காட்டில் ஒரு மொட்டைத் திட்டு

முதல் உலகப்போர் 1918-இல் முடிந்தது. பிரான்ஸில் வெர்டன் நகரத்துக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு இடத்தில் இன்னும் மரம் வளர்வதில்லை, விஷம் தாங்கும் ஒரு வகைப் புல், பாசி மாதிரி சிலது மட்டும்தான். 1916-இல் இங்கே நடந்த சண்டையால் வந்த வினை என்றுதான் யாரும் நினைப்போம், ஆனால் இது போருக்கு அப்புறம், 1920-களில் மிச்சமிருந்த ரசாயனக் குண்டுகளை, கிட்டத்தட்ட 2 லட்சம், கொண்டுவந்து கொளுத்திய இடம். பல குண்டுகளில் ஆர்செனிக் என்ற நச்சுப் பொருளின் சேர்மம் இருந்தது. ஆர்செனிக் ஒரு தனிமம், எரித்தால் காணாமல் போகிற சமாச்சாரமா அது? மண்ணிலேயே தங்கிவிட்டது. 2007-இல் வெளியான ஆய்வில், சில மண் மாதிரிகளில் எடையில் சுமார் 17 சதவீதம் வரை ஆர்செனிக் (ஆமாம், சதவீதம்தான்!). கூடவே துத்தநாகம், செம்பு, ஈயம். குண்டு போட்டவர்களைவிட, சுத்தம் செய்கிறோம் என்று இதைச் செய்தவர்கள்மேல்தான் எனக்கு எரிச்சல் அதிகம்.