டர்போ இன்ஜினுக்கு வால்வு ஸ்பிரிங்: மூன்று மாத அலைச்சல்

பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கில் டர்போ ஏற்றியிருக்கிறேன். போன வாரம்தான் அது முதல் முறையாக 7000 ஆர்பிஎம் வரை தடங்கலில்லாமல் இழுத்தது. அதற்கு முன் மூன்று மாதம், இன்ஜின் வால்வுகளை இழுத்து மூடும் சுருளான வால்வு ஸ்பிரிங்குக்காகவே அலைந்தேன். அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வண்டி ட்ராக்குக்கு மட்டும், ட்ரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு விடாது.

பிஸ்டன், ராடு, டர்போ, டியூனிங் எல்லாம் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தன. கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் முதல் நாள், 1 பார் பூஸ்டில் (டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றழுத்தம்) 6200 ஆர்பிஎம்மைத் தொட்டதும் வண்டி படபடவென்று விக்கியது. ஸ்பார்க்தான் என்று முடிவு கட்டினேன். பிளக் இடைவெளியைக் குறைத்தேன், காயில் மாற்றினேன், பெட்ரோல் பம்பையும் மாற்றினேன். பணம் போனது, விக்கல் போகவில்லை.

ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பூஸ்டில் ஸ்பார்க் அணைகிறது என்றால், சிலிண்டர் அழுத்தம் அதிகமாக இருக்கும் நடு ரெவ்விலேயே விக்கத் தொடங்கியிருக்கும். என் வண்டி 4500-இல் சுத்தமாக இழுத்தது. உச்சத்தில் மட்டும்தான் கோளாறு. பூஸ்டைப் பாதியாகக் குறைத்தபோது விக்கல் 6700-க்கு நகர்ந்தது. அப்போதுதான் உறைத்தது: வால்வு மிதக்கிறது, அதாவது ஸ்பிரிங்கால் அதை நேரத்துக்கு மூடி நிறுத்த முடியவில்லை.

கணக்கு எளிது. காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வின் தலை 30 மி.மீ., பரப்பு சுமார் 7 சதுர செ.மீ. 1 பார் பூஸ்ட் அதன் முதுகில் 7 கிலோவுக்குத் தள்ளும். ஸ்பிரிங் மூடப் பார்க்கும், பூஸ்ட் திறக்கப் பார்க்கும். இருபது வருஷம் உழைத்த என் பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றி அளந்தால், வால்வு மூடிய நிலையில் 19 முதல் 21 கிலோதான் கொடுத்தன. அதில் 7 கழிந்தால் வேகமாக வந்து உட்காரும் வால்வு எகிறாமல் என்ன செய்யும்?

சரி, புது செட் வாங்கலாம் என்று ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போனேன். கடைக்காரர், “சார், டர்போவுக்குன்னே வர்ற ஐட்டம். கண்ணை மூடிட்டுப் போடலாம்” என்றார். எந்த உயரத்தில் எத்தனை கிலோ, எந்த உயரத்தில் சுருள் முட்டும் என்று கேட்டேன். பெட்டியில் தாளே இல்லை. “கையில அமுக்கிப் பாருங்க சார், எவ்ளோ டைட்டு” என்றார். கைக்கு டைட்டாகத்தான் இருந்தது. வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் வைஸில் வைத்து, சுருள் ஒன்றோடொன்று முட்டும்வரை அமுக்கி வெர்னியரில் பார்த்தேன்: 25.6 மி.மீ. என் ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதி) வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் நிற்கும் உயரம் 36, லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் தூரம், 10. முழுக்கத் திறந்தால் 26. ஆக, மிச்சம் வெறும் 0.4 மி.மீ. குறைந்தது 1 மி.மீ. வேண்டும். இதைப் பூட்டி ஓட்டியிருந்தால் வால்வை அமுக்கித் திறக்கும் கேமோ ராக்கரோ போயிருக்கும். அதோடு மூடிய நிலையிலேயே 47 கிலோ காட்டியது. ஸ்பிரிங் எவ்வளவு டைட்டோ அவ்வளவு நல்லது என்பது தப்பு. தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு கிலோவும் கேம் முனையைத் தேய்க்கும். திருப்பித் தரப் போன் செய்தேன். பாக்கெட் பிரித்ததை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கிலோவை எப்படி அளந்தேன் என்றால், ட்ரில் பிரஸ்ஸின் மேடையில் உடம்பு எடை பார்க்கும் மெஷின், அதன் மேல் பலகைத் துண்டு, அதன் மேல் ஸ்பிரிங். சக்கில் ஒரு தட்டைக் கம்பியை மாட்டி மெதுவாக இறக்கி, 36 மி.மீ.யில் நிறுத்தினால் மெஷினில் எண் தெரியும். கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள், ஸ்பிரிங் நழுவினால் முகத்துக்குத்தான் வரும்.

இரண்டாவது செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். கஸ்டம்ஸ் வரி வலித்தது, ஆனால் பெட்டிக்குள் அளவுத் தாள் இருந்தது: 36 மி.மீ.யில் 31 கிலோ, மி.மீ.க்கு 3.1 கிலோ ஏறும், முட்டுவது 24.2-இல். 7 கழித்தாலும் 24 நிற்கும், திறக்கும்போது 1.8 மி.மீ. இடம் இருக்கும். ட்ரில் பிரஸ்ஸில் பதினாறு ஸ்பிரிங்கையும் அளந்தேன், ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசமில்லை.

அப்புறம் லேத் கடை. வால்வு மூடும்போது வந்து உட்காரும் வளையங்களான சீட்டுகளைப் புதிதாக வெட்டச் சொல்லியிருந்தேன். சீட் வெட்ட வெட்ட வால்வு உள்ளே இறங்கும், தண்டு மேலே ஏறும், ஸ்பிரிங் நிற்கும் உயரம் கூடும், அழுத்தம் குறையும். பதினாறிலும் உயரம் பார்த்தீர்களா என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதானுங்க தம்பி, போட்டு மூடுங்க” என்றார். நானே அளந்தேன். 36.1 முதல் 36.8 வரை இருந்தது. 36.8-இல் அப்படியே பூட்டியிருந்தால் இரண்டரை கிலோ போயிருக்கும், காசு கொடுத்து வாங்கியதில் கால்வாசி ஆதாயம். 0.25, 0.5 மி.மீ. ஷிம்களை (மெல்லிய வளையத் தகடு) ஸ்பிரிங்குக்கு அடியில் போட்டு எல்லாவற்றையும் 36-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். ஷிம்மால் உயரத்தைக் குறைக்கத்தான் முடியும். உயரம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் ஹெட்டில் ஸ்பிரிங் உட்காரும் இடத்தை வெட்ட வேண்டியிருக்கும்.

பூட்டும்போது ஹெட்டிலுள்ள ஆயில் ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். ஸ்பிரிங்கின் மேல்தட்டை வால்வுத் தண்டில் பிடித்து வைக்கும் சின்னத் துண்டான வால்வு லாக் ஒன்று கைதவறி ஓட்டை விளிம்பு வரை உருண்டு, துணியில்தான் நின்றது. லாக்கின் உட்பக்கம் கொஞ்சம் கிரீஸ் தடவினால் தண்டில் ஒட்டிக்கொள்ளும்.

போன வாரம் அதே ட்ராக், அதே 1 பார். 6200 வந்தது, போனது. 7000-இல் நானேதான் காலை எடுத்தேன். திரும்பி வந்து ராக்கர் கவரைத் திறந்து வால்வு கிளியரன்ஸ் பார்த்தேன், ஒன்றுகூட மாறவில்லை.

பூஸ்டை இன்னும் ஏற்றும் முன் எக்ஸாஸ்ட் பக்கத்தைப் பார்க்க வேண்டும். டர்போவில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்கு முன்னால் தேங்கும் அழுத்தம் பல சமயம் பூஸ்டைவிட அதிகமாக இருக்கும், அது எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்கப் பார்க்கும். மேனிஃபோல்டில் துளை போட்டு, செம்புக் குழாய் வழியாகக் கேஜ் மாட்ட எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த எண் தெரிகிறவரை 1 பாரைத் தாண்டப் போவதில்லை.